சிவப்பை அழுத்தினால்

கயானி
4 பிப்ரவரி 2009

ஒஸ்ஸிக்கு,

நீ நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நானும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

நீ எனக்குக் கொடுத்த இணையப் போனையும் அதை இணையத்தோடு இணைக்கிற பெட்டியையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வழியில் உடையாமல் இருக்க அப்பாவின் கம்பளிச் சாக்ஸைச் சுற்றியிருக்கிறேன். சாக்ஸை நீ வைத்துக்கொள். போனை என்ன வேண்டுமானாலும் செய்.

சனிக்கிழமை அப்பாவின் அடக்கம் முடிந்து நீ ரயில் ஏறிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் கோர்பிவாராவுக்கு, அப்பாவின் வீட்டுக்குப் போனேன். ஆளில்லாத வீட்டில் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும் என்று தண்ணீரை வடித்துவிடப் போனேன். சமையலறை ஜன்னலோரம் அப்பாவின் போன் இருந்தது. கடைசியாகப் பேசியது யாரிடம் என்று பார்க்கத் தோன்றியது. திரையில் இப்படி இருந்தது: "13 ஜனவரி, 17.42. பிள்ளைகள். உங்கள் அழைப்பை ஏற்க விரும்பவில்லை."

இதை நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன்.

அப்பா விழுந்த அன்றைக்கு, நம் இரண்டு வீட்டிலும் அடிக்கிற பட்டனை அழுத்தியிருக்கிறார். எனக்கு அன்றைக்கு மாலை வேலை. முதியோர் இல்லத்தில் இருந்தேன். என் போன் ஆளில்லாத வீட்டில் அடித்திருக்கும். ஆளில்லாத வீடு யாரையும் விரும்பவில்லை என்று சொல்லாது. அப்படியானால் சொன்னது நீ.

டாக்டர் என்னிடம் சொன்னதை அடக்கத்தன்று உன்னிடம் சொல்லவில்லை. "நெஞ்சு வலி வந்தப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் உயிரோட இருந்திருக்கார்மா. யாருக்காவது தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார். மறுநாள் காலையில் புகைபோக்கியில் புகை இல்லையே என்று பக்கத்து வீட்டுத் தாவுனோ பார்க்க வந்தபோது அப்பா கதவுக்கருகில் கிடந்தார். ஒரு காலில் மட்டும் பூட்ஸ் இருந்ததாம்.

இனி எனக்குப் போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதித்தான் முடிக்க வேண்டும். பார்த்துக்கொள்.

ஹெல்கா


எஸ்போ
11 பிப்ரவரி 2009

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்குப் போன தடவை டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவுகிறாயா? இங்கே நான் நலம்.

பார்சல் வந்தது. எதுவும் உடையவில்லை.

நீ எழுதியதற்குப் பதில்: அப்பா கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. திரையில் நீ பார்த்த வரியும் என்னுடையதுதான். மறுப்பதற்கு எதுவும் இல்லை.

ஹல்லி உன் வீட்டில் சாப்பிடுகிறானா? அவனுக்கு அப்பா தட்டிலிருந்து மீன் தோலைப் போடுவார். உலர்ந்த தீனியை மட்டும் வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடுவான்.

உன் நலத்துக்கு இரண்டு வரி எழுது.

ஒஸ்ஸி


கயானி
1 மார்ச் 2009

ஒஸ்ஸிக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். இருக்கிறேன். நாய் சாப்பிடுகிறான்.

நீ சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தேன். "போன் கெட்டிருக்கும், லைன் போயிருக்கும்" என்று ஏதாவது சொல்வாய், நானும் அரை மனதாக நம்பலாம் என்று இருந்தேன். நீயோ நாலு வரி எழுதி, நாலாவது வரியில் நாய்க்கு மீன் தோல் போடச் சொல்கிறாய். இவ்வளவு கல்நெஞ்சம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நம் வீட்டில் யாருக்கும் கிடையாது.

அக்டோபர் மாதம் நினைவிருக்கிறதா? ஊருக்குள் பழைய போன் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நீ உன் கம்பெனிப் பெட்டிகள் மூன்றோடு வந்தாய், ஒன்று அப்பாவுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. அப்பா மேசையில் கையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளைகள்னு எழுதியிருக்கு பாருங்கப்பா, இந்த ஒரு பட்டன் போதும். அழுத்துனா எங்க ரெண்டு பேர் வீட்லயும் ஒரே நேரத்துல அடிக்கும்" என்றாய்.

"ஒருத்தர்கிட்ட பேச ரெண்டு பேரை எதுக்குடா தொந்தரவு பண்ணணும்?" என்று கேட்டார்.

"தொந்தரவே இல்லப்பா. எடுக்க முடியாதவங்க சிவப்பை அழுத்திட்டா அவங்க வீட்ல மட்டும் நின்னுடும். இன்னொருத்தர் வீட்ல அடிச்சுக்கிட்டே இருக்கும்."

"இதெல்லாம் நீ செஞ்சதா?"

"நானும் சேர்ந்து செஞ்சதுதான்."

"அப்பச் சரி" என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. உனக்கு இன்னொரு கோப்பை காபி ஊற்றினார். மகன் செய்தது என்று அந்தப் போனைத் தினமும் துடைத்து வைத்தார்.

அப்பாவை உனக்குத் தெரியும். அவர் யார் வீட்டுக் கதவையும் இரண்டாவது தடவை தட்டமாட்டார். எனக்கும் உனக்கும் விருப்பமில்லை என்று திரை சொன்னால் சரி என்று வைத்துவிடுவார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் இந்தப் பனியில் அந்தப் பையன்கள் அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வர வேண்டுமே என்று யோசித்திருப்பார். தாவுனோ வீடுவரை நடந்து பார்ப்போம் என்று பூட்ஸைப் போட உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். ஏன்? என்ன வேலையாக இருந்தாய்? பிறகாவது ஏன் திரும்பக் கூப்பிடவில்லை?

நலமாக இரு.

ஹெல்கா


எஸ்போ
8 மார்ச் 2009
(எழுதி, உறையில் போட்டு, அனுப்பாமல் வைத்தது)

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் ஹல்லியும் நலமாக இருக்க வேண்டும்.

உனக்கு உண்மையைச் சொல்லப் போகிறேன்.

அழைப்புகள் எங்கள் கம்பெனியின் கணினி வழியாகத்தான் போகும். ஒவ்வொன்றும் நொடிக்கணக்காக அதில் பதிவாகும். அப்பா இறந்த மறுவாரமே அதை எடுத்துப் பார்த்தேன். 17.42க்கு அப்பா பட்டனை அழுத்தியிருக்கிறார். உன் வீட்டிலும் என் வீட்டிலும் மணி அடித்திருக்கிறது. ஐந்தாவது நொடியில் உன் வீட்டில் சிவப்பு அழுத்தப்பட்டிருக்கிறது. அக்கா, நீ வேலையில் இல்லை. வீட்டில்தான் இருந்தாய்.

அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாம் பேசி வைத்துக்கொண்டதைத்தான் நீ செய்தாய். உனக்கு முடியவில்லை, தம்பி எடுப்பான் என்று அழுத்தினாய்.

ஆனால் உன் சிவப்பு உன் வீட்டு மணியோடு நிற்கவில்லை. என் வீட்டு மணியையும் நிறுத்திவிட்டது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இணையப் போன்கள் ஒன்றையொன்று எப்படிக் கூப்பிட வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு உலகம் முழுதுக்கும் ஒரே விதிநூல் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல அதில் பல பதில்கள் உண்டு. ஒன்றுக்கு "இங்கே முடியாது" என்று பொருள். அதை அனுப்பினால் மற்ற இடங்களில் மணி தொடரும். இன்னொன்றுக்கு "எங்கேயும் வேண்டாம்" என்று பொருள். அதை அனுப்பினால் எல்லா இடத்திலும் மணி நின்றுவிடும். சிவப்புப் பட்டனை அழுத்தினால் இவற்றில் எது போக வேண்டும் என்று விதிநூல் சொல்லவில்லை. விதிநூலில் பட்டனே கிடையாது. அதைப் போனை உருவாக்குகிறவனுக்கு விட்டுவிட்டார்கள்.

எங்கள் கம்பெனியில் அந்தப் போனை உருவாக்கியவன் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. கூட வேலை செய்கிற ராய்மோ கதவருகே கோட்டை மாட்டிக்கொண்டு நின்றான்.

"சிவப்புக்கு எதை அனுப்பறது?" என்று கேட்டேன்.

"புக்ல என்ன போட்டிருக்கு?"

"ரெண்டும் போட்டிருக்கு. எதுன்னு போடல."

"அப்ப நம்ம இஷ்டம்தான். வேணாம்னு அழுத்தறவனுக்கு வேணாம். எங்கேயும் வேணாம்னு அனுப்பிடு, ஊர் பூரா அடிச்சிட்டுக் கிடக்காம இருக்கும். சீக்கிரம் வா, பட்டாணி சூப் ஆறிடும்."

வியாழக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் பட்டாணி சூப்பும் அப்பமும். போனின் நிரலில் ஒரு வரி எழுதினேன். கூப்பிட்டவரின் திரையில் என்ன காட்டுவது என்பதும் எங்கள் இஷ்டம்தான். "உங்கள் அழைப்பை ஏற்க விரும்பவில்லை" என்று எழுதினேன். சுத்தமான மொழியில் எழுதியிருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது. பிறகு சூப் குடிக்கப் போனேன்.

எங்கள் சோதனை மேசையில் ஒரு எண்ணுக்கு ஒரு போன்தான் இருக்கும். இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் அடிக்கவிட்டு ஒன்றில் சிவப்பை அழுத்தி நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அக்டோபரில் அப்பாவின் மேசையில் உட்கார்ந்து நான் "அவங்க வீட்ல மட்டும் நின்னுடும்" என்று சொன்னபோது, நானே எழுதிய வரி எனக்கு நினைவில்லை. ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் விதிநூலைத் திரும்பப் படித்தேன். வேறொரு பதிலைப் பற்றிச் சொல்கிற இடத்தில் போகிற போக்கில் ஒரு வாக்கியம் வருகிறது. வேறெங்கும் யாரும் எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்திருந்தால் மட்டுமே இதை அனுப்பலாம் என்கிறது. கயானியில் உன் சமையலறையில் இருக்கிற பெட்டிக்கு, எஸ்போவில் நான் இருப்பது எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் வீட்டில் போனுக்குப் பக்கத்தில்தான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அடித்தது. அப்பாவிடம் எப்போதும் நீதான் முதலில் பேசுவாய், நீ எடுத்துவிடுவாய் என்று வழக்கம்போல் காத்திருந்தேன். இரண்டாவது மணியில் நின்றது. அக்கா எடுத்துவிட்டாள் என்று நினைத்து அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். நீ உன் வீட்டில் தம்பி எடுத்துவிட்டான் என்று நினைத்திருப்பாய்.

இதையெல்லாம் எழுதிவிட்டேன். அனுப்பினால், நான் அப்பாவைப் புறக்கணித்தவன் இல்லை என்று உனக்குத் தெரியும். கூடவே அந்த அழைப்பை நிறுத்தியது உன் விரல் என்றும் தெரியும். வரி என்னுடையது என்று நான் ஆயிரம் தடவை சொன்னாலும் உனக்கு உன் விரல்தான் தெரியும். உன்னை எனக்குத் தெரியும்.

ஒஸ்ஸி


எஸ்போ
9 மார்ச் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? நீ களிம்பைப் பற்றி எழுதவே இல்லை. நான் நலம்.

ஏன் என்று கேட்டிருந்தாய். சொல்லும்படியான காரணம் எதுவும் இல்லை. பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். திரும்பக் கூப்பிடாததும் என் தவறுதான்.

சொத்துப் பட்டியல் எழுத ஏப்ரலில் வக்கீல் வருகிறார் என்று தாவுனோ சொன்னார். நான் கையெழுத்துப் போட்டு முன்பே அனுப்பிவிடுகிறேன், நேரில் வந்து உன்னைச் சங்கடப்படுத்தவில்லை. வீட்டை நீ சொல்கிறபடி செய்யலாம்.

குளிர் குறைகிற வரை படிக்கட்டில் பார்த்து நட.

ஒஸ்ஸி


கயானி
27 ஏப்ரல் 2009

ஒஸ்ஸிக்கு,

கையெழுத்துப் போட்ட காகிதங்கள் வந்தன. உன் உடல்நலம் எப்படி என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

பத்திரிகை. நீ சொன்ன இந்தக் காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஏரியில் பனிக்கட்டி இன்னும் முழுதாக உடையவில்லை. கோர்பிவாரா வீட்டில் அப்பாவின் சட்டைகளை எடுத்து மூட்டை கட்டினேன். நீல ஸ்வெட்டரின் பையில் ஒரு சீட்டு இருந்தது. அவர் கையெழுத்தில் இருந்தது. "பச்சை: பேச. சிவப்பு: இங்கே மட்டும் நிற்கும்." நீ சொன்னதை மறந்துவிடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார். சீட்டை உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. என்னிடமே இருக்கட்டும்.

எனக்குத் தூக்கம் இல்லை. வேலைக்கு மூன்று வாரம் போகவில்லை. வேலைக்குப் போனால் அறைகளில் கிழவர்கள் மணியை அழுத்துவார்கள், சுவரில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்ததும் அந்த அறைக்குப் போகாமல் திரும்பி நடந்துவிடுகிறேன். மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, "ஹெல்கா, வீட்டுக்குப் போய்ப் படு. நீ இருக்கற நிலைமையில உன்னைக் கவனிக்கவே ஒரு ஆள் வேணும் போலிருக்கு" என்றாள்.

ஜூன் திருவிழாவுக்கு இந்த வருடம் நீ வர வேண்டாம். உன்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது.

ஹெல்கா


எஸ்போ
5 மே 2009

அன்புள்ள அக்காவுக்கு,

தூங்காமல் இருக்காதே. டாக்டரைப் பார். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று நீ கேட்கலாம். இருந்தாலும் பார்.

நான் திருவிழாவுக்கு வரவில்லை.

இங்கே ஆபீசில் ஒரு சின்ன மாற்றத்துக்காக இரண்டு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ராய்மோ இப்போது எனக்கு மேலதிகாரி ஆகிவிட்டான். விடமாட்டேன் என்கிறான்.

"ரெண்டு வருஷமா ஒருத்தன் புகார் சொல்லல. ஓடிட்டிருக்கறதுல எதுக்குக் கைய வைக்கற?"

"புகார் சொல்ல எல்லாரும் உயிரோட இருக்க வேணாமா?" என்றேன்.

ராய்மோ நாற்காலியை என் பக்கம் திருப்பி, "எழுதிக் குடு, கூட்டத்துல வைக்கறேன்" என்று மட்டும் சொன்னான். கூட்டம் ஜூனில். அதில் முடியாவிட்டால் ஆகஸ்டில்.

உனக்கு இதெல்லாம் எதற்கு. சும்மா எழுதினேன். ஹல்லியைத் தடவிக்கொடு.

ஒஸ்ஸி


எஸ்போ
29 ஜூன் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. நலமா என்று கேட்கிற கடிதம் இல்லை இது. நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். தாவுனோ கூப்பிட்டார். "உங்க அக்காவை ஆஸ்பத்திரியில வெச்சு இப்பத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. பாதி ஆளா இளைச்சுப் போயிருக்கா. கேட்டா, கேட்டவங்களைத்தான் திட்டறா" என்றார்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஒஸ்ஸி


கயானி
2 ஆகஸ்ட் 2009

ஒஸ்ஸி,

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் சாப்பிடுகிறேன். நீ நலமா? இதை நிஜமாகவே கேட்கிறேன்.

உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிடுங்க" என்பாள். அவளிடம் சொன்னேன். இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் வேலையில் இல்லை. காலை வேலை முடிந்து மூன்று மணிக்கே வந்துவிட்டேன். வெந்நீர் வாளியில் காலை வைத்து உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அப்பா என்று தெரிந்தது. எப்போதும் நான்தான் ஓடிப்போய் எடுக்கிறேன், நீ ஒரு தடவையாவது எனக்கு முன்னால் எடுத்திருக்கிறாயா? அவர் மருந்தா, விறகா, பனி அள்ளுகிற வண்டியா, எல்லாம் என் தலையில். இன்றைக்கு அவன் எடுக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். கையை நீட்டிச் சிவப்பை அழுத்தினேன். நின்றுவிட்டது. காலை எடுக்காமல் தண்ணீர் ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது, ஒஸ்ஸி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் உன்னைக் குற்றம் சொன்னதெல்லாம் இதை மறைக்கத்தான். நான் முதலில் அழுத்தினேன், எனக்குப் பிறகு நீ அழுத்தினாய். அப்பாவை இரண்டு பேருமே வேண்டாம் என்றோம்.

ஒரே ஒரு கேள்வி. ஆறு மாதமாக எனக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்க பயந்துதான் பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். சிவப்பு இங்கே மட்டும் நிற்கும் என்று நீ சொன்னாய், அப்பாவும் எழுதி வைத்திருந்தார். அது சரிதானே? நான் அழுத்தியது என் சமையலறையில் மட்டும்தானே நின்றது? அதற்குப் பிறகும் அப்பாவின் மணி உயிரோடு இருந்ததுதானே? செய்தவன் நீ, உனக்குத்தான் தெரியும். அது மட்டும் தெரிந்தால் நான் தூங்கிவிடுவேன். அப்படி இல்லையென்றால் அதையும் எழுது. ஆனால் அதைத் தாங்குவேன் என்று உனக்கு உறுதி சொல்ல முடியாது.

உன் அக்கா
ஹெல்கா


எஸ்போ
25 ஆகஸ்ட் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ சாப்பிடுகிறாய் என்று படித்ததில் எனக்கு உயிர் வந்தது. பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஆபீசில் அந்த மாற்றம் போன வெள்ளிக்கிழமைதான் முடிந்து எல்லாப் போன்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அதுவரை எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

நீ அன்றைக்கு அழுத்தியதில் தவறு எதுவும் இல்லை. நாம் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டதுதான். களைத்துப் போனவள் தம்பி எடுக்கட்டும் என்று நினைத்தாய். நினைக்காமல் இருந்தால்தான் அதிசயம். நான் உனக்கு முன்னால் ஒரு தடவையும் எடுத்ததில்லை என்பது உண்மை.

உன் பெட்டியையும் போனையும் இத்துடன் உனக்கே அனுப்புகிறேன். வாயால் சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சோதித்துப் பார். அப்பாவின் போன் உன்னிடம்தானே இருக்கிறது. இரண்டையும் உன் மேசையில் வைத்து மாட்டு. வருகிற ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அப்பாவின் போனில் "பிள்ளைகள்" பட்டனை அழுத்து. உன்னுடையது அடிக்கும், இங்கே என்னுடையதும் அடிக்கும். நீ சிவப்பை அழுத்து. அது உன் வீட்டில் மட்டும்தான் நிற்கும்.

அப்பாவை வேண்டாம் என்றது நான். நீ இல்லை. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

பெட்டியைச் சுற்றியிருப்பது என் பழைய ஸ்வெட்டர். சாக்ஸை நான் தரமாட்டேன்.

ஒஸ்ஸி


கயானி
7 செப்டம்பர் 2009

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இந்த வார்த்தையை எழுதி எத்தனை நாளாயிற்று. நீயும் நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் ஞாயிறன்று பேசினோம்தான், போனில் எனக்கு அழுகைதான் வந்ததே தவிர எதுவும் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு மணிக்கு அப்பாவின் பட்டனை அழுத்தினேன். என் போன் அடித்தது. சிவப்புக்கு விரலைக் கொண்டுபோய், கொண்டுபோய், எடுத்துவிட்டேன். ஹல்லி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். என்னுடையது நின்றது. அப்பாவின் போனைக் காதில் வைத்தேன். உள்ளே மணி போய்க்கொண்டே இருந்தது, ஒஸ்ஸி. நிற்கவே இல்லை. பிறகு நீ எடுத்து, "சொல்லுங்கப்பா" என்றாய். பழக்கத்தில் சொல்லிவிட்டாய், தெரியும். நீயும் அழுதாய், அதுவும் கேட்டது.

அன்றைக்கும் இப்படித்தான் உன் வீட்டில் அடித்துக்கொண்டே இருந்திருக்கும். நான் நிறுத்தவில்லை. நீ எடுத்திருந்தால் அப்பா இருந்திருப்பார், எடுக்கவில்லை. இதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. ஆனால் இந்த வாரம் முழுதும் தூங்கினேன். தூங்கி எழுந்த மனுஷிக்குக் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு மனுஷன் ஒரு சாயங்காலம் பத்திரிகையைக் கீழே வைக்காமல் இருந்துவிட்டான், அதற்கு ஆயுள் முழுக்கத் தண்டனை கொடுக்க நான் யார்.

உன்னை மன்னித்துவிட்டேன். அப்பாவும் மன்னித்திருப்பார். இதை உன்னிடம் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

காட்டில் செம்பழம் பழுத்துவிட்டது. ஒரு வாரம் விடுப்புப் போட்டுவிட்டு வா. பறிக்க வாளி இரண்டு இருக்கிறது.

உன் அக்கா
ஹெல்கா


எஸ்போ
12 செப்டம்பர் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ தூங்கினாய் என்று எழுதியிருந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதையும் படித்தேன். மன்னித்ததற்கு நன்றி. பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

இருபதாம் தேதி ரயிலில் வருகிறேன். ஹல்லிக்கு மீன் தோல் எடுத்து வை, நான் போட வேண்டும். காட்டுக்குப் போக அப்பாவின் சாக்ஸ் என்னிடம் இருக்கிறது.

ஒன்று மட்டும். இனி நம் வீட்டுப் போன் அடித்தால் முதல் மணியிலேயே நான் எடுத்துவிடுகிறேன். நீ எடுப்பாய் என்று காத்திருக்கமாட்டேன்.

உன் தம்பி
ஒஸ்ஸி